செண்பகவல்லியை மறக்கவும்

புங்கந்துறை கடைத்தெருவில் தையல்காரர் நசீர் கடைக்கு மேலே ஒரு மாடி அறை உண்டு. வாசலில் ஒரு போர்டு தொங்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் ஊரில் ஒருவருக்கும் தெரியாது, ஏனென்றால் எழுத்துப் பக்கம் சுவரைப் பார்த்து இருக்கிறது. மந்திர சமாசாரம், நாலு பேர் கண்ணில் படக்கூடாது என்று அப்படி மாட்டியிருக்கிறார்கள். நமக்குள் இருக்கட்டும், ‘குழப்ப மந்திர சபை’ என்று எழுதியிருக்கிறது.

குழப்ப மந்திரமா, அதென்ன கண்றாவி என்று கேட்பீர்கள். நியாயம்தான். மற்ற மந்திரக்காரர்களுக்கு இன்ன தெய்வம், இன்ன சுவடி, இன்ன விரதம் என்று ஆயிரம் கட்டுப்பாடு. இவர்களுக்கு அதெல்லாம் கிடையாது. எது பலிக்கிறதோ அது மந்திரம். “நம்பிக்கை என்பது சட்டை மாதிரி. வேலை இருக்கும்போது போட்டுக்கொள், முடிந்ததும் கழற்றிவிடு” என்று சபையை ஆரம்பித்துவைத்த அலங்கோலானந்தர் முதல் நாளே சொன்னார். அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் சீடர்கள் ஐந்து பேரும் சட்டையைக் கழற்றிவிட்டார்கள். அன்றைக்குச் சட்டை மாட்ட அடித்த ஐந்து ஆணிகளும் இன்னும் அந்தச் சுவரில் இருக்கின்றன.

அலங்கோலானந்தர் ஏழு வாரம் பாடம் நடத்தினார். எட்டாவது வாரம், “ஒரு டீ குடிச்சுட்டு வந்துடறேன்” என்று படி இறங்கிப் போனார். மூன்று வருஷம் ஆகிறது. அவர் ஓடிப்போய்விட்டார் என்று மட்டும் சபையில் சொல்லிவிடாதீர்கள், சண்டைக்கு வந்துவிடுவார்கள். டீ ரொம்பச் சூடாக இருந்திருக்கும், ஆற்றிக் குடிக்க நேரம் ஆகும் என்பது அவர்கள் கட்சி.

போனவர் ஒரு நாற்பது பக்க நோட்டை விட்டுப்போயிருந்தார். சபைக்கு அதுதான் மூலநூல். முன்னட்டையில் மயில் படம், பின்னட்டையில் வாய்ப்பாடு. உள்ளே முதல் பக்கத்தில் முதல் வரி, “இந்தப் புத்தகத்தை நம்பாதே.” வினை அங்கேதான் ஆரம்பித்தது.

சீடர்களில் மூத்தவர் ஏகாம்பரம், பத்திரம் எழுதுகிறவர். எழுதினது எழுதினதுதான் அவருக்கு. “நம்பாதேன்னு ஐயா எழுதியிருக்கார். அதை நான் அட்சரம் பிசகாம நம்பறேன்” என்பார். நோட்டின் ஒன்பதாம் பக்கத்தில், அலங்கோலானந்தர் சலவைக்குப் போட்ட கணக்கு இருக்கிறது. வேட்டி இரண்டு, துண்டு ஒன்று, ஓரம் கிழிசல். அதைப் படித்த நாளிலிருந்து ஏகாம்பரம் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வேட்டி கட்டிக்கொண்டு, நல்ல துண்டு ஒன்றின் ஓரத்தைத் தானே கிழித்துத் தோளில் போட்டுக்கொண்டு அலைகிறார். பன்னிரண்டாம் பக்கத்தில் டீ கிளாஸ் வைத்த கறை ஒன்று உண்டு. அந்த வட்டத்துக்கு மட்டும் பதினெட்டுப் பக்கம் விளக்கம் எழுதி வைத்திருக்கிறார்.

இஸ்திரி போடும் தங்கப்பழம் இதற்கு நேர் எதிர். “நம்பாதேன்னு சொன்ன புத்தகத்தை எதுக்கு வச்சிருக்கணும்? கொளுத்து!” ஆனால் நோட்டு ஏகாம்பரத்தின் பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது. என்ன செய்வார் பாவம்? வாரா வாரம் அதை ஏகாம்பரத்திடம் கேட்டு வாங்கி, அவர் எதிரிலேயே உட்கார்ந்து நாற்பது பக்கத்தையும் நகல் எடுப்பார், வெள்ளிக்கிழமை அதை இஸ்திரிப் பெட்டிக் கரியில் போட்டுக் கொளுத்துவார். மூன்று வருஷமாக எழுதி எழுதிக் கொளுத்தியதில், புத்தகம் முழுக்க மனப்பாடமாகத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் கடகடவென்று ஒப்பிப்பார். ஒப்பித்து முடித்து, “அத்தனையும் குப்பை” என்பார்.

வேலப்பன் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் நோட்டைத் திறந்ததே இல்லை. “முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல ஒரு போஸ்ட் கார்டைக்கூடப் படிச்சவன் இல்லை நான். அடுத்தவங்க எழுதினதைப் படிக்கலாமா? நம்பாதேன்னா தொடாதேன்னுதான் அர்த்தம்” என்பார். யாராவது வாசித்தால் காதைப் பொத்திக்கொள்வார். ஒரு காதை மட்டும்.

சவரிமுத்து பழைய பேப்பர் கடைக்காரர். அவருக்கு இந்தச் சண்டையே புரியாது. “எல்லாப் புத்தகமும் எடைக்குத்தானப்பா. தராசுல வச்சா எது உசத்தி எது மட்டம்?” கடைக்கு எது வந்ததோ அதை வைத்து மந்திரம் போடுவார். ஒரு தடவை பிரஷர் குக்கரோடு கொடுக்கிற சின்னப் புத்தகத்தை வைத்து மழைக்கு முயற்சி செய்தார். அதில் மூன்று விசில் என்று போட்டிருந்தது. மொட்டைமாடியில் நின்று மூன்று விசில் அடித்தார். ஒன்பதாம் நாள் தூறியது.

ஐந்தாவது ஆள் சைக்கிள் கடை பொன்னுரங்கம். நம் கதை இவனைப் பற்றியதுதான். ஏகாம்பரம் பேசினால் ஏகாம்பரம் சொல்வது சரி என்று இவனுக்குப் படும். தங்கப்பழம் பேசினால் அதுவும் சரி. நாலு பேரும் ஒரே நேரத்தில் கத்தினால் நாலு பக்கமும் தலையை ஆட்டுவான். யாரும் இல்லாதபோது மட்டும் பெண்டாட்டி சொல்வதுதான் சரி என்று படும்.

பெண்டாட்டி பெயர் செண்பகவல்லி. அவள்மேல் அவனுக்கு உயிர். அந்த உயிர்தான் அவனைத் தெருவில் கொண்டுவந்து நிறுத்தியது, கேளுங்கள்.

நோட்டின் ஐந்தாம் பக்கத்தில் ஒரு பயிற்சி. “நீ எதை எல்லாவற்றையும்விட உறுதியாக நம்புகிறாயோ, அதை ஒரு நாள் முழுக்க நம்பாமல் இரு.” ஒரு புதன்கிழமை ஐந்து பேரும் இதைச் செய்வதென்று தீர்மானம். யார் எதை நம்புகிறார்கள் என்று ஏகாம்பரம் ஒரு பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினார். ஏகாம்பரம் நம்பியது, சூரியன் கிழக்கே உதிக்கும். அன்றைக்கு விடிந்ததிலிருந்து பத்து மணி வரை மேற்கே பார்த்து உட்கார்ந்திருந்தார், முதுகு வெந்துபோயிற்று. தங்கப்பழம் நம்பியது, நெருப்பு சுடும். வலது கையில் கட்டு. வேலப்பன் தன் நம்பிக்கையை ஒரு கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்துவிட்டார், தானே பிரித்துப் படிக்க மாட்டேன் என்கிறார். சவரிமுத்து, கிலோ என்றால் கிலோதான் என்று எழுதினார். அன்று முழுக்க அவர் தராசைத் தொடவில்லை.

பொன்னுரங்கம் யோசிக்கவே இல்லை. “செண்பகவல்லி வைக்கிற வத்தக்குழம்புக்கு ஈடு இந்த ஜில்லாவிலேயே கிடையாது” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

அன்று மத்தியானம் பார்த்து வத்தக்குழம்பு. சுட்ட அப்பளம் வேறு. ஒரு வாய் போட்டதும் பொன்னுரங்கத்துக்குக் கண் சொருகியது. அப்புறம் கடமை ஞாபகம் வந்தது.

“நல்லா இல்லை” என்றான்.

“ஏங்க, உப்பு கம்மியா?”

“உப்பு சரியா இருக்கு. புளி சரியா இருக்கு. ஆனா நல்லா இருக்குன்னு நான் நம்பலை. இன்னும் கொஞ்சம் ஊத்து.”

ஊற்றினாள். “ம்ஹும். நம்பலை. இன்னும் கொஞ்சம்.”

இப்படி நாலு கரண்டி. கடைசியில் சட்டியை வழித்து நக்கிவிட்டு, “நம்பவே இல்லை” என்று கையைக் கழுவினான்.

எந்தப் பொம்பளைக்குத்தான் பொறுக்கும்? ஏற்கெனவே சட்டை கழற்றி மாட்டுவதற்கென்று தினம் மாடி ஏறுகிற புருஷன். செண்பகவல்லி ஒரு பையில் நாலு புடவையை வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஆற்றுக்கு அக்கரையில் தாய்வீடு, பாலம் வழியாகப் போனால் கால் மணி நேரம். பஸ் ஏறும்போது சொன்னாள்:

“எங்கண்ணன் திருப்பூர்ல தையல் வேலை இருக்குன்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கான். ஞாயித்துக்கிழமை கிளம்பறேன். அதுக்குள்ள நேர்ல வந்து, வாயைத் திறந்து, வான்னு ஒரு வார்த்தை கூப்பிட்டா வரேன். போன்ல இல்லை. நேர்ல.”

இதைவிடத் தெளிவாக ஒருத்தி எப்படிச் சொல்வாள்? சின்னக் குழந்தைக்குக்கூடப் புரியும். பொன்னுரங்கத்துக்கும் புரிந்தது. மறுநாள் காலையில் தலை வாரி, சட்டை போட்டு, சைக்கிளுக்குக் காற்றடித்துக் கிளம்பியும்விட்டான். வழியில் சபை இருந்தது, அதுதான் கோளாறு.

“எங்கே புறப்பட்டே?” என்றார் ஏகாம்பரம், மாடியிலிருந்து.

சொன்னான். நாலு பேருக்கும் முகம் சுண்டிவிட்டது.

“பொன்னுரங்கம், நீ யாரு? மந்திரக்காரன். ஒரு மந்திரக்காரன் சைக்கிள்ல போய்ப் பெண்டாட்டியைக் கூப்பிட்டான்னு வெளியே தெரிஞ்சா சபை மானம் என்ன ஆகறது? மேலே வா” என்றார் ஏகாம்பரம்.

மேலே போனான். சட்டை ஆணிக்குப் போயிற்று.

ஏகாம்பரம் பெட்டியைத் திறக்கச் சாவி தேடினார். மேல் வேட்டி மடியிலா, உள் வேட்டி மடியிலா என்று அவர் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருக்கையில், தங்கப்பழம் ஏழாம் பக்கத்தை ஒப்பித்துவிட்டார். “விருப்பத்தை ஒரு தாளில் எழுது. ஒரு முறை வந்த எழுத்து மறுபடி வந்தால் அடித்துவிடு. மிஞ்சிய எழுத்துகளைப் பின்னி ஓர் உருவம் போடு. அந்த உருவத்தை உனக்குள் ஏற்று. பிறகு விருப்பத்தை அடியோடு மறந்துவிடு. நினைவில் இருக்கும்வரை பலிக்காது. அத்தனையும் குப்பை.”

“‘அத்தனையும் குப்பை’ நோட்டுல இருக்கா?” என்று கேட்டார் வேலப்பன், பொத்தாத காதைத் திருப்பி.

“அது என் சொந்த அபிப்பிராயம்.”

‘செண்பகவல்லி திரும்பி வரவேண்டும்’ என்று எழுதினார்கள், அடித்தார்கள், பின்னினார்கள். வந்த உருவம் சவரிமுத்துவுக்குக் கண்ணாடி போட்ட ஆடு மாதிரி தெரிந்தது. பொன்னுரங்கத்துக்கு அது கோபமாக நிற்கிற செண்பகவல்லி மாதிரியே இருந்தது. அவன் மூக்கை உறிஞ்சினான்.

“உனக்குள் ஏற்றுன்னு போட்டிருக்கு. உள்ளே ஏத்த வாய்தான் வழி. தாளை முழுங்கணும்” என்றார் ஏகாம்பரம்.

“கொளுத்தணும்” என்றார் தங்கப்பழம்.

“எந்தத் தாளா இருந்தா என்னப்பா, காலண்டர் தாளை முழுங்கினாலும் இதே பலன்தான்” என்றார் சவரிமுத்து.

அரை மணி நேரம் தொண்டை வற்றக் கத்திவிட்டு ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். தாளைக் கொளுத்தி, சாம்பலை மோரில் கலக்கி, ஆளுக்கு ஒரு வாய். வேலப்பன் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். அடுத்தவர் எழுதினது, தெரியாத்தனமாகப் படித்துவிடக் கூடாதல்லவா.

மிச்சம் இருந்தது மறப்பதுதான்.

“எப்படிண்ணே மறக்கறது?” என்று கேட்டான் பொன்னுரங்கம். “வீட்டுக்குப் போனா அவ தையல் மெஷின் இருக்கு. அடுப்பைப் பாத்தா அவ ஞாபகம். அடுப்பைப் பாக்காம இருந்தா பசி, பசிச்சா அவ ஞாபகம்.”

“கஷ்டம்தான்” என்றார் ஏகாம்பரம். “ஆனா நீ ஒருத்தன் மறந்தாப் போதாது. நாம அஞ்சு பேரும் மோர் குடிச்சிருக்கோம். அஞ்சு பேரும் மறக்கணும். செண்பகவல்லின்னு ஒரு ஆள் இருக்கறதே யாருக்கும் தெரியக்கூடாது. தெரிஞ்சா அவ வரமாட்டா.”

அவள் வரமாட்டாள் என்றதும் பொன்னுரங்கம் ஏகாம்பரத்தின் கையைப் பிடித்துக்கொண்டான். “மறந்துடறேன்ணே. சத்தியமா மறந்துடறேன்.”

வேலப்பன் நியாயமான சந்தேகம் ஒன்றைக் கிளப்பினார். “வேலை மும்முரத்துல, மறக்கணும்கிறதையே இவன் மறந்துட்டா?”

எல்லோரும் திடுக்கிட்டார்கள். ஆபத்தான விஷயம். உடனே ஒரு பலகை வாங்கி, சிவப்புப் பெயிண்டில் பெரிதாக ‘செண்பகவல்லியை மறக்கவும்’ என்று எழுதி, சைக்கிள் கடையின் நெற்றியில் மாட்டினார்கள். இதையாவது சுவரைப் பார்த்து மாட்டியிருக்கலாம். மாட்டவில்லை.

வெள்ளி, சனி இரண்டு நாளும் பொன்னுரங்கம் பட்டபாடு சொல்லி முடியாது. பஞ்சர் பார்க்க ட்யூபைத் தண்ணீரில் அமுக்கினால் கண்ணீர் சொட்டிக் குமிழ் எது, சொட்டு எது என்று தெரியவில்லை. ஒரு மணிக்கு ஒரு தடவை சபையிலிருந்து ஒருத்தர் சோதனைக்கு வந்தார்.

“மறந்தாச்சா?” என்பார் வேலப்பன்.

“எதை?” என்பான் பொன்னுரங்கம், முகத்தை வெறுமையாக வைத்துக்கொண்டு.

“சபாஷ். அதான்பா, செண்பகவல்லி திரும்பி வரணும்னு நினைச்சோமே, அதை.”

“ஐயோ அண்ணே, இப்பத்தான் மறந்திருந்தேன்!”

“சரி சரி, மறுபடி ஆரம்பி.”

சனிக்கிழமை சாயங்காலம் அவன் கால் தானாகச் சைக்கிளை மிதித்தது. பாலம் பாதி வந்துவிட்டான். அக்கரையில் மாமியார் வீட்டு வாசல் வேப்பமரம் தெரிந்தது, மரத்தடியில் ஒரு பச்சைப் புடவையும் தெரிந்தது. இன்னும் இருநூறு அடி. போய், வாயைத் திறந்து, ஒரு வார்த்தை. ஆனால் ஞாபகம் வைத்திருந்தால் அவள் வரமாட்டாளே! “இங்கே எதுக்கு வந்தோம்? தெரியலையே” என்று உரக்கச் சொல்லிக்கொண்டு சைக்கிளைத் திருப்பினான். திரும்பி வரும் வழியெல்லாம் அழுதான், எதற்கு அழுகிறோம் என்று தெரியாத மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு குட்டியானைச் சரக்கு வண்டி சைக்கிள் கடை முன்னால் வந்து நின்றது. அண்ணன்காரன் ஓட்ட, பக்கத்திலிருந்து செண்பகவல்லி இறங்கினாள். கடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டிலிருந்து தையல் மெஷினை ஏற்றிக்கொண்டு அப்படியே திருப்பூர் போவதாகத் திட்டம். கடையில் சபை மொத்தமும் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தது.

அவள் முதலில் பார்த்தது பலகையைத்தான். ஒரு தடவை படித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

“இவ்வளவு ஆயிடுச்சா?” என்றாள். “கூப்பிட வரலை, சரி. நேத்து பாலத்துல பாதி வந்துட்டுத் திரும்பிப் போனது யாரு?”

பொன்னுரங்கம் பலகையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். வந்துவிட்டாள்! மந்திரம் பலிக்கிறது! இந்த நேரத்தில் கெடுத்துவிடக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்றான்.

“யாரோ ஒருத்தர் போல. நீங்க யாரும்மா? பஞ்சரா?”

கன்னத்தில் கண்ணீர் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருக்க, ஒரு மனிதன் “பஞ்சரா” என்று கேட்டால் யாருக்கும் சந்தேகம் வரும். செண்பகவல்லிக்கும் வந்தது. நாலு பேரையும் ஒரு பார்வை பார்த்தாள்.

“என்ன பண்ணி வச்சிருக்கீங்க இவரை?”

“நீங்க யாருன்னு தெரியாம சபை விஷயம் சொல்றதுக்கில்லையே” என்றார் வேலப்பன்.

“அந்நியர் கேட்டா பதிவேட்டைக் காட்டலாம். விதி இருக்கு” என்றார் ஏகாம்பரம். முப்பது வருஷப் பழக்கம், யார் நகல் கேட்டாலும் அவர் கை தானாக நீளும். பதிவேட்டை நீட்டினார். செண்பகவல்லி கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். மிக உறுதியாக நம்புவது, புதன்கிழமை நம்பாமல் இருக்கவேண்டியது. சூரியன் கிழக்கே. நெருப்பு சுடும். ஒட்டிய கவர். கிலோ. அப்புறம் பொன்னுரங்கத்தின் கோணல் எழுத்து.

அந்த வரியை அவள் விரலால் தடவித் தடவிப் படித்தாள். வண்டியிலிருந்து அண்ணன் ஹாரன் அடித்தான். “சும்மா இருண்ணே” என்று கையைக் காட்டினாள். அவள் குரல் மாறியிருந்தது.

“உங்க குரு ஒரு நோட்டு எழுதி வச்சுட்டுப் போனாரே, அவர் இதையெல்லாம் செஞ்சு பாத்திருக்காரா?”

தங்கப்பழம் கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்தார். “நாற்பதாம் பக்கம். ‘இதில் கண்ட எதையும் நான் செய்து பார்த்ததில்லை. செய்து பார்த்தவர்கள் முடிவைத் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.’”

“இது உங்களுக்குத் தெரியுமா?”

“நூத்தம்பது தடவை எழுதியிருக்கேனேம்மா.”

“தெரிஞ்சும் ஏன் யார்கிட்டயும் சொல்லலை?”

“நான்தான் அந்தப் புத்தகத்துல உள்ளதை எதையும் நம்பறதில்லையே.”

செண்பகவல்லி தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

“சரி. நான் சொன்னது ஒண்ணுதான். வாயைத் திறந்து, வான்னு ஒரு வார்த்தை. சொல்லுங்க, மெஷின் இங்கேயே இருக்கட்டும்.”

பொன்னுரங்கம் வாயைத் திறந்தான். ஏகாம்பரம் பாய்ந்து பொத்தினார்.

“கூப்பிட்டா ஞாபகம் இருக்குன்னு ஆயிடும். ஞாபகம் இருந்தா மந்திரம் போச்சு. மந்திரம் போச்சுன்னா செண்பகவல்லி வரமாட்டா!”

“நான் வந்து நிக்கிறேனே ஐயா!”

“நீங்க வந்திருக்கீங்கம்மா, இல்லேன்னு சொல்லலை. ஆனா செண்பகவல்லி வரணுமே.”

“குக்கர் புத்தகத்துலயும் ஆவி முழுக்க அடங்கற வரைக்கும் திறக்கக் கூடாதுன்னுதான் போட்டிருக்கு” என்றார் சவரிமுத்து.

அண்ணன் மறுபடி ஹாரன் அடித்தான். எஞ்சினையும் கிளப்பினான். செண்பகவல்லி அசையாமல் நின்றாள், ஆனால் அவள் கை புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தது. பொன்னுரங்கம் ஏகாம்பரத்தைப் பார்த்தான், தங்கப்பழத்தைப் பார்த்தான், வேலப்பனை, சவரிமுத்துவைப் பார்த்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக யார் சொல்வதும் சரி என்று அவனுக்குப் படவில்லை. வாயைப் பொத்திய கையை விலக்கினான்.

“அம்மா, நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. ஆனா போயிடாதீங்க. நீங்க வண்டியில ஏறினா எனக்கு என்னமோ உசிரே போற மாதிரி இருக்கு. வாங்க. உள்ளே வாங்க. இந்த வீட்டுலயே இருந்துடுங்க. உங்களைக் கட்டிக்கிட்டு ஆயுசு முழுக்கப் பாத்துக்கறேன்.”

செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. சிரிப்பு முந்திக்கொண்டது. கழுத்துச் சரடை வெளியே எடுத்துக் காட்டினாள்.

“எனக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சே.”

சபை அதிர்ந்துபோயிற்று. “அடப்பாவி, இன்னொருத்தர் வீட்டம்மாவாடா!” என்று ஏகாம்பரம் இரண்டு வேட்டியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினார். பொன்னுரங்கத்துக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“உங்களை மாதிரி ஒரு பொம்பளையை அழவிட்டு நடுத்தெருவுல நிறுத்தியிருக்கானே, எவன்மா அந்த மடையன்?”

“மடையன்தான். ஆனா கெட்டவர் இல்லை.”

“எங்கே இருந்தாலும் காதைப் பிடிச்சுத் திருகி இழுத்துட்டு வரேன், பாருங்க.”

“உங்களுக்கு எதுக்குச் சிரமம்” என்று சொல்லி, செண்பகவல்லி எட்டி அவன் காதைப் பிடித்தாள். நன்றாகவே திருகினாள். திருகின காதோடு வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனாள். அண்ணன் இதையெல்லாம் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு திருப்பூர் போனான்.

அன்று மாலை பதிவேட்டில் முடிவு எழுதினார்கள். “செண்பகவல்லி வரவில்லை. பதிலாக யாரோ ஒரு அம்மா வந்தார்.” இவ்வளவாவது நடந்தது அட்சரம் பிசகாததால்தான் என்றார் ஏகாம்பரம். கொளுத்தியதால்தான் என்றார் தங்கப்பழம். குக்கர் புத்தகம் என்றார் சவரிமுத்து. முடிவைக் குருவுக்குத் தெரிவிக்கவேண்டும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டு ஒரு கடிதம் எழுதினார்கள். ‘அலங்கோலானந்தர், டீக்கடை’ என்று முகவரி போட்டு வேலப்பனே தபால் பெட்டியில் சேர்த்தார். உள்ளே என்ன எழுதியிருந்தது என்று அவருக்குத் தெரியாது.

எட்டு மாதம் ஆகிறது. பலகை கடையின் நெற்றியில்தான் இருக்கிறது. செண்பகவல்லி கழற்றச் சொல்லவில்லை. புருஷன் தினம் மூன்று வேளை “வாங்கம்மா, போங்கம்மா” என்று மரியாதையாகப் பேசுவதும், குழம்பைச் சாப்பிட்டுவிட்டு “இந்த ஜில்லாவிலேயே கிடையாதும்மா” என்று கண்ணைத் துடைத்துக்கொள்வதும் அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் நாலு பேரும் சோதனைக்கு வந்தார்கள். பொன்னுரங்கம் அப்போதுதான் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தான்.

“என்னப்பா, செண்பகவல்லி வந்தாச்சா?” என்று கேட்டார் ஏகாம்பரம்.

பொன்னுரங்கம் பதறிப்போய் உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்தான். பிறகு அவரைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு வந்து, காதோடு காதாகச் சொன்னான்:

“இன்னும் வரலைண்ணே. வராம இருக்கறதுதான் நல்லது. திடுதிப்புன்னு ஒருநாள் அவ வந்து வாசல்ல நின்னா, உள்ளே இருக்காங்களே, இந்த அம்மா என்னைச் சும்மா விடுவாங்களா?”